முந்நூற்று நாலின் மெய்ப்பாட்டியல்: குரோய்டன் குறித்து ஒரு முன்னாய்வு

வளர்ந்தவர்கள் விளையாடுவதில்லை என்பது தெற்கு லண்டன் குரோய்டன் தமிழரிடையே நிலவும் உறுதியான கருத்து. அதைச் சொல்லும்போது அவர்கள் கையில் எட்டுச் சீட்டு இருக்கும் (பெரியப்பா, வாய்மொழி).

ஆய்வென்றால் முன்னோர் பெயர் சொல்லித்தான் தொடங்க வேண்டும். உவகை பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாக விளையாட்டை வைக்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். உரியியலோ ‘கெடவரல்’, ‘பண்ணை’ இரண்டுக்கும் விளையாட்டு என்றே பொருள் சொல்கிறது. பண்ணையில் இன்று கோழி வளர்கிறது. நூலின் ஆண்டை இங்கே குறிக்கவில்லை; அறிஞர்கள் பல நூற்றாண்டு இடைவெளியில் நின்று அதற்காக அடிபடுகிறார்கள். அதுவும் கெடவரலே.

ஐரோப்பாவில் டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹுய்சிங்கா ‘ஹோமோ லூடென்ஸ்’ நூலை வெளியிட்டது 1938இல். அதற்குள் அவருடைய தாய்மொழி யாழ்ப்பாணம் போய்ச் சீட்டுக்கட்டில் குந்திவிட்டது. 1658 முதல் 1795 வரை அங்கே ஆண்ட ஒல்லாந்தர் வேலை செய்யக் ‘கந்தோர்’ என்ற சொல்லையும் விளையாடக் ‘கலாவரை’ (கிளாவர் சீட்டு) என்ற சொல்லையும் விட்டுப்போனார்கள் (பெரியப்பா, மேற்படி, முதலாம் தேநீர்).

1958இல் பிரெஞ்சுக்காரர் ரொஜே கய்வா விளையாட்டைப் போட்டி, அதிர்ஷ்டம், வேடம், கிறுகிறுப்பு என நான்காக வகுத்தார். கிறுகிறுப்பு: 2000இல் ஓடத் தொடங்கிய குரோய்டன் ட்ராமில், வளைவில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பது. வேடம்: துரும்பைக் கவிழ்த்து வைத்தவர் முகத்தையும் கவிழ்த்து வைப்பது. அதிர்ஷ்டம்: எப்போதும் எதிராளிக்கு.

போட்டிக்கு முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம். சீட்டு 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிச் சீட்டுக்கு 76, நாலுக்கும் 304. ஊரில் ராஜாவாக இருந்தவர் வந்த இடத்தில் மூன்று புள்ளி ஆவதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன புலம்பெயர் ஆய்வேடு கிடையாது.

கய்வா தவறவிட்ட ஐந்தாம் வகை விசாரணை. ஒரு கை ஐந்து நிமிடத்தில் முடியும். விசாரணை முடியத் தேநீர் இரண்டு தடவை வர வேண்டும்.

“அண்ணை, ஏன் ஒன்பதை இறக்கினனீங்கள்?”

“வேற என்னத்தை இறக்கிறது?”

“ஜாக் அவன்ரை கையிலை எண்டு தெரியாதே?”

“தெரிஞ்சா இறக்குவனே?”

இந்த நாலு வரியும் குரல் மட்டும் ஏறி மூன்று சுற்று வரும். பிறகு விழுந்த சீட்டெல்லாம் மறுபடி விரிக்கப்படும். யார், எப்போது, எதைப் போட்டார் என்று சாட்சி கேட்கப்படும். கேரளச் சீட்டாட்டத்தில் தோற்றவர் காதில் குணுக்கு மாட்டுவார்கள். குரோய்டனில் காதுக்கு வேறு தண்டனை தேவையில்லை (பெரியப்பா, திருத்திய இரண்டாம் பதிப்பு, தொடையில் அடித்துச் சொன்னது, முதற்பதிப்பைப் பெரியம்மா குசினியிலிருந்து மறுத்துள்ளார், மறுப்புக்கு மறுப்பு அச்சில்).

இதே ஊரில் விசாரணைக்கு வேறோர் இடமும் உண்டு: வெல்லெஸ்லி வீதியில் 20 மாடி லூனார் ஹவுஸ் நிற்கிறது. மனிதன் சந்திரனில் இறங்கிய காலத்தில் எழும்பி, அதனால் பெயர் பெற்ற கட்டடம். குடிவரவுக்கு உள்துறை அமைச்சின் அலுவலகம். நம் சீட்டு மேசையைச் சுற்றி இருப்பவர்களில் சிலர் ஒரு காலத்தில் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி அங்கே வரிசையில் நின்றவர்கள். அங்கே கேள்வி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. இங்கே குற்றவாளியும் எழும்பி நின்று, “நீர் முதல்லை ஏன் அந்தப் பத்தைப் போட்டனீர்?” என்று திருப்பிக் கேட்கலாம், கேட்கிறார்.

இரவு பதினொன்றரை. வந்தவர்கள் வாசலில் சப்பாத்து மாட்டுகிறார்கள். ஒருவர் ஒற்றைச் சப்பாத்தோடு திரும்பி, “அப்ப அந்த ஒன்பதை நான் வச்சிருந்தா?” என்கிறார்.

மற்ற மூவரும் சப்பாத்தைக் கழற்றுகிறார்கள்.