மிடில் பெர்த்: ஓர் அகத்திணை ஆய்வு

நம் இலக்கணிகள் நிலத்தை ஐந்தாகப் பிரித்த காலத்தில் ரயில் கிடையாது. ஆகவே மூன்றடுக்கு ஸ்லீப்பர் பெட்டி எந்தத் திணையில் அடங்கும் என்ற வினாவை இதுவரை எவரும் எழுப்பவில்லை. அக்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். களம், சென்னையிலிருந்து டெல்லி செல்லும் ஜி.டி. எக்ஸ்பிரஸ். பொருள், மிடில் பெர்த். லோயரையும் அப்பரையும் பிறர் ஆய்ந்துகொள்க.

முதலில் மக்கள்தொகை. பெர்த் எண்ணை எட்டால் வகுத்து மீதி 2 அல்லது 5 வந்தால் அது மிடில். பழைய ஐ.சி.எஃப். பெட்டியின் 72 படுக்கைகளில் 18, எல்.எச்.பி. பெட்டியின் 80இல் 20. பெட்டி மாறினாலும் கால்வாசிப் பேரின் தலையெழுத்து மாறவில்லை.

தூங்கும் நேரம் இரவு 9 முதல் காலை 6 வரை என்றிருந்தது. 2017இல் ரயில்வே வாரியம் அதை 10 முதல் 6 வரை என்று திருத்தியது. பயணிகளிடையே நடக்கும் சச்சரவுதான் காரணம் என்றார்கள். நாம் நம்ப வேண்டியதில்லை. 10 முதல் 2 யாமம், 2 முதல் 6 வைகறை. 9 மணியோ இன்னும் மாலைப் பொழுது. வாரியத்தில் யாரோ அகப்பொருள் இலக்கணம் படித்திருக்கிறார்.

மாலைக்குரிய திணை முல்லை. அதன் உரிப்பொருள் இருத்தல். மிடில்காரர் இருக்கிறார். லோயரில் ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தை அப்போதுதான் பிரிக்கிறது. “சார், மிடில் போட்டுடலாமா?” என்று இவர் கேட்கும் குரலில் உரிமை கொஞ்சமும் தொனிக்காது. “அஞ்சே நிமிஷம் தம்பி, மாமி சாப்பிட்டுறட்டும்” என்பது தொன்றுதொட்டு வரும் மறுமொழி. இந்த ஐந்து நிமிடம் கூடூரில் தொடங்கினால் நெல்லூர் தாண்டியும் முடியாது. கட்டணம் கட்டியும் அண்டை வீட்டார் சம்மதித்தால்தான் விரிகிற சொத்து இது ஒன்றே. அப்பர்காரர் இவ்வளவையும் எட்டு மணிக்கே ஏறிப் படுத்தபடி கண்டுகளிக்கிறார்.

யாமம் குறிஞ்சி, சங்கிலியும் கொக்கியும் புணர்ந்துவிடுகின்றன. விரிவாகச் சொல்ல ஏதுமில்லை.

வைகறை மருதம், எனவே ஊடல். லோயர்காரர் ஐந்து மணிக்கே விழித்து, நிமிர்ந்து உட்கார முயன்று, தலையில் இடித்துக்கொள்கிறார். மேலே குறட்டை. சட்டம் ஆறு மணிவரை குறட்டையின் பக்கம். நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் கர்ப்பிணிகளும் கூடுதலாகத் தூங்க ஒத்துழைக்குமாறு வாரியம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவ்வேண்டுகோளுக்கு எதிராக இவ்வாய்வு ஒரு சொல்லும் சொல்லாது.

நண்பகலில், நாக்பூர் வெயிலில், பாலை. மடித்துவிட்ட மிடில் பெர்த்தே கீழிருப்போருக்குச் சாய்மானம் ஆகிறது. தன் படுக்கையின் மீதே முதுகைச் சாய்த்தும் அதனைப் பிரிந்திருக்கும் இந்நிலையைச் சங்கப் புலவர்கள் அறியவில்லை. சாயுங்காலம் நெய்தல், இரங்கல். பிறகு மறுபடியும் புளியோதரை.

லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்த காலத்தில் சைடு மிடில் என்றொரு படுக்கையையும் நுழைத்துப் பார்த்தார்கள். பயணிகள் அலறவே எடுத்துவிட்டார்கள். அது பெருந்திணை; சான்றோர் விரித்துப் பேசார்.

இணைய முன்பதிவுப் படிவத்தில் விருப்பப் படுக்கையாக மிடிலையும் குறிக்கலாம். அப்படி மனமாரக் குறித்தவர் யாரேனும் இருப்பின், ஆய்வு முழுமை பெற, தயவுசெய்து முன்வரவும்.