டோஸ்ட்மேல் பீன்ஸ்: ஏளனவியலுக்கு ஓர் அறிமுகம்

பாரிசிலோ பாஸ்டனிலோ குடியிருக்கும் ஆங்கிலேயர் ஒருவர், மழை பெய்யும் மாலையில் டின் பீன்ஸைச் சூடாக்கி டோஸ்ட்மேல் ஊற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால், பக்கத்திலிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்பதே இவ்வாய்வின் பொருள். இப்பொருளில் இதற்கு முன் எவரும் ஆராய்ந்ததில்லை என்று தொடங்குவது ஆய்வேட்டு மரபு. தேடினால் கிடைத்துவிடும், கிடைத்தால் படிக்க வேண்டிவரும் என்பதால் அம்மரபை நாமும் காப்போம். பீன்ஸ் என்றது இங்கே பொரியலுக்கு நறுக்கும் பச்சைக்காயை அன்று. தக்காளிச் சாற்றில் மிதக்கும் வெள்ளைப் பயற்றை என்க.

ஏளனம் செய்வோர் நால்வகையர். பிரெஞ்சுக்காரர் புருவத்தால் செய்வார். இத்தாலியர் கையால் செய்வார். அமெரிக்கர் உரக்கச் செய்வார். ஆஸ்திரேலியர் செய்யும் தகுதியற்றவர். அவர் வீட்டு அலமாரியில் வெஜிமைட் என்னும் ஈஸ்ட் பசை இருக்கிறது. ஜெர்மானியரை ஐந்தாம் வகையாகக் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. அதன் ஆங்கிலேய உறவான மார்மைட்டுக்கு வழிகாட்டியவரே லீபிக் என்னும் ஜெர்மானிய வேதியியலார்தான்.

அமெரிக்கரின் வழக்கை முதலில் எடுத்துக்கொள்ளலாம். எளிதில் தள்ளுபடியாவது அதுதான். அவர் சிரிக்கும் டின்மேல் உள்ள ஹைன்ஸ் என்ற பெயர் பென்சில்வேனியாக்காரர் ஒருவருடையது. 1869இல் அங்கே தொழில் தொடங்கிய அவர், 1886இல் லண்டனுக்குச் சரக்குப் பெட்டியோடு வந்து, ஃபோர்ட்னம் அண்ட் மேசன் என்னும் சீமான்கள் போகும் கடையில் விற்றார். 1959இல் விகன் நகருக்குப் பக்கத்தில் கிட் கிரீனில் பெரிய ஆலை எழுந்தது. பயறு இன்றும் பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்து கப்பலேறித்தான் வருகிறது. ஆக, தம் ஊர்ப் பயற்றைத் தம் ஊர்ப் பெயர் ஒட்டிய டின்னில் பார்த்துத்தான் அமெரிக்கர் சிரிக்கிறார். ஆங்கிலேயர் சேர்த்தது அடியில் ஒரு டோஸ்ட்.

இந்த டோஸ்ட் உணவா, பாத்திரமா? பாத்திரம் என்றால் அதைத் தின்பது முறையன்று. உணவு என்றால் சாற்றை ஊற்றி அதன் மொறுமொறுப்பைக் கெடுப்பது முறையன்று. வாழையிலையைப் போல அதுவும் ஏந்துகிறது என்னலாமே எனின், இலையை மாடல்லாத எவரும் தின்னக் காணோம். இக்குழப்பத்தில் மூன்று கட்சிகள் தோன்றின. பீன்ஸை நடுவில் கொட்ட வேண்டும், நடுப்பகுதி ஊறிக் குழைய ஓரம் மட்டும் மொறுமொறுவென்று நிற்பதே சுவை என்பார் மேல்வாதிகள். பீன்ஸைத் தட்டின் ஓரம் ஒதுக்கித் தொட்டுக்கொள்வார் பக்கவாதிகள் (மருத்துவர்கள் பிழைபட உணரற்க). ஒரு துண்டின்மேல் ஊற்றி மறுதுண்டை வெறுமனே வைப்பார் சமரசவாதிகள். இவர்களுக்கு இரு தரப்பிலும் நண்பர் இல்லை. முதலில் வெண்ணெய் தடவ வேண்டும் என்பதில் மட்டும் மூவரும் ஒன்றுபடுகிறார்கள் (காண்க: மேலே). சீஸ் துருவிப் போடுவார் கூற்று பின்னர் மறுக்கப்படும் (காண்க: கீழே, அங்கே இல்லையெனில் மீண்டும் மேலே). வூஸ்டர் சாஸ் இரண்டு சொட்டு விடலாம் என்று இவ்வாசிரியர் முன்பு கருதினார், இப்போது கருதவில்லை, இவ்விரு கருத்தையும் மறுத்து இவரே எழுதவிருக்கும் கட்டுரைக்கு இவரே எழுதவிருக்கும் எதிர்ப்புரையின் முன்னுரையில் இது விரிவாகப் பேசப்படும் (காண்க: மேற்படி, மேற்படியின் மேற்படி, அச்சில் இல்லை, மனத்தில்).

இதையெல்லாம் படித்து வாசகர் முகஞ்சுளிக்கலாம். இவ்வாசிரியர் புனைந்தது அடைப்புக்குறிக்குள் இருப்பதும் அக்கட்சிகளின் பெயரும் மட்டுமே. மெய்யான அறிஞர்களோ இதைவிடத் தூரம் போயிருக்கிறார்கள். மேசையிலிருந்து விழும் டோஸ்ட் ஏன் வெண்ணெய்ப் பக்கமாகக் கவிழ்கிறது என்பதை ஆஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் மேத்யூஸ் 1995இல் ஐரோப்பிய இயற்பியல் ஆய்விதழில் சமன்பாடுகளோடு நிறுவி, சிரிக்கவைக்கும் ஆராய்ச்சிக்கென வழங்கும் இக் நோபல் பரிசை மறுவருடம் பெற்றார். பீன்ஸ் ஊற்றிய டோஸ்ட் எப்பக்கம் விழும் என்பது இன்னொருவருடைய முனைவர் பட்டத்துக்கு மிச்சமிருக்கிறது. 2011இல் ராயல் வேதியியல் கழகம், திருமதி பீட்டனின் 1861ஆம் ஆண்டு சமையல் நூலிலிருந்து டோஸ்ட் சாண்ட்விச்சைத் தோண்டியெடுத்தது. இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே வெண்ணெய், உப்பு, மிளகோடு ஒரு டோஸ்ட். அவ்வளவுதான், உள்ளே வேறொன்றும் இல்லை. ஏழரைப் பென்னி அடக்கவிலை என்று கணக்கிட்டு, இதைவிட மலிவாக ஒரு வேளை உணவு சொல்பவருக்கு 200 பவுண்டு தருவதாகவும் அறிவித்தது. வெளிநாட்டார் இதை இன்னும் முழுமையாகக் கவனிக்கவில்லை. அவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

இதே டோஸ்ட்மேல் தடவும் மார்மைட் பற்றியும் ஒரு சொல். பர்ட்டன் அபான் ட்ரெண்ட் ஊரின் பீர் ஆலைகளில் மிஞ்சிய ஈஸ்ட் வண்டலிலிருந்து 1902 முதல் செய்யப்படும் அந்தக் கரும்பசையைப் பார்த்தால் யாருக்கும் வண்டி மசகு நினைவுக்கு வரும். ஆனால் பம்பாயில் இரத்தசோகையால் வாடிய கர்ப்பிணிகளை அதைக் கொடுத்துத் தேற்றினார் லூசி வில்ஸ் என்ற மருத்துவர். 1931இல் அதை எழுதி வெளியிட்டார். பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்ற சத்துக்குத் தடம் காட்டியது அந்த வேலைதான். புருவம் தூக்குவோர் இதற்கு ஈடாகத் தங்கள் சாஸ் ஒன்றைக் காட்டட்டும்.

ஏளனத்துக்கு மறுப்பெழுதிய முன்னோருள் ஜார்ஜ் ஆர்வெல் தலையாயவர். 1945 டிசம்பரில் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் இதழில் ஆங்கிலச் சமையலுக்கு வக்காலத்து வாங்கினார். அதைக் கண்டோ என்னவோ, பிரிட்டிஷ் கவுன்சில் அவரிடம் வெளிநாட்டு வாசகர்களுக்கென இதே பொருளில் ஒரு கட்டுரை கேட்டது. 1946இல் எழுதிக் கொடுத்தார். பங்கீட்டுக் காலத்தில் ஐரோப்பியர் முன் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது உசிதமன்று என்று திருப்பிவிட்டார்கள். அவருடைய ஆரஞ்சு மார்மலேட் செய்முறையில் சர்க்கரையும் தண்ணீரும் அதிகம் என்றும் ஒரு குறிப்பு இருந்தது. கட்டுரையைத் திருப்புகிறவர் அதைப் படித்துவிட்டே திருப்பினார் என்பதற்கு இலக்கிய வரலாற்றில் இப்படியொரு சான்று கிடைப்பது அரிது. 2019இல் கவுன்சில் மன்னிப்புக் கேட்டது. ஆர்வெல் இறந்து 69 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி பிரெஞ்சுப் புருவம். 2005 ஜூலையில் கலினின்கிராதில் ரஷ்ய அதிபர் புதினோடும் ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடரோடும் உட்கார்ந்திருந்த பிரெஞ்சு அதிபர் சிராக், பிரிட்டிஷாரைக் குறித்து, இவ்வளவு மோசமாகச் சமைப்பவர்களை எப்படி நம்புவது என்று கேலி செய்ததாகவும், இதைவிடக் கேவலம் பின்லாந்துச் சாப்பாடு மட்டுமே என்று சேர்த்ததாகவும் லிபெராசியோன் நாளிதழ் எழுதியது. சில நாளில், ஜூலை 6 அன்று, சிங்கப்பூரில் 2012 ஒலிம்பிக்குக்கான வாக்கெடுப்பு. லண்டன் 54, பாரிஸ் 50. ஒலிம்பிக் குழுவில் பின்லாந்துக்காரர் இருவர் இருப்பதைச் செய்தித்தாள்கள் முன்கூட்டியே சுட்டியிருந்தன. அவ்விரண்டும் லண்டனுக்கு விழுந்து, அந்த வாய் சும்மா இருந்திருந்தால் பாரிசுக்குப் போயிருக்குமென்றால், கணக்கு 52க்கு 52. வாக்கு ரகசியமானது, ஆகவே ஆய்வாளர்கள் இதைப் பற்றி இன்னும் நூறாண்டு எழுதலாம்.

அதுவரை, வெளியூரில் எவர் தட்டைப் பார்த்தேனும் சிரிப்பு வருமாயின், அறையில் பின்லாந்துக்காரர் எவரும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு சிரிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.