மாரிகாலத்தில் கைக்குழந்தையைக் கடற்கரைக்குக் கொண்டுபோதல்: புளியந்தீவை முன்வைத்து ஓர் ஆய்வு

மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலிருந்து கல்லடிக் கடற்கரைக்கு, மாரிகாலத்தில், கைக்குழந்தையோடு போகலாமா? நோர்வேயிலிருந்து டிசம்பர் லீவுக்கு வந்திறங்கும் குடும்பங்களின் விறாந்தைகளில் ஆண்டுதோறும் எழும் இக்கேள்விக்கு அறிஞர் உலகம் முகங்கொடுத்ததில்லை. அக்குறையை நீக்க வேறெவரும் முன்வராததால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் பருவம். உல்லாசப் பயணிகளுக்குக் கிழக்குக் கரை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான். அப்போது பாசிக்குடாக் கடல் குளம்போலக் கிடக்கும். நிலவு நாளில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய்ப் பாடும் மீன் கேட்கலாம். நவம்பரில் வாடை திரும்பினால் கதை வேறு. வாவி முட்டி வழியும். முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடச் சொல்லிக் கூக்குரல் எழும். ஆனால் நோர்வேக்காரருக்கு லீவு கிடைப்பது நத்தாருக்கு. துரோம்சோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. அப்படியொரு தேசத்திலிருந்து வருபவருக்கு மேகத்துக்குப் பின்னால் சூரியன் இருக்கிறது என்ற தகவலே கோடைகாலம்.

இனிக் கோட்பாடுகள். ஒஸ்லோ மரபினர், குழந்தை வெளிக்காற்றில் உறங்கவேண்டும் என்பர். நோர்வே, டென்மார்க், சுவீடன் நாடுகளில் பனிக்காலத்திலும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வெளியே உறங்கவிடுவது சாதாரணம். 1997இல் டென்மார்க் தாயொருவர் நியூயோர்க்கில் உணவகத்துக்கு வெளியே பிள்ளையை வண்டியில் விட்டுவிட்டு உள்ளே இருந்ததற்காகக் கைதானார். புளியந்தீவில் அதற்குப் பொலிஸ் தேவைப்படாது. "ஆர்ர புள்ளகா இது?" என்று தெருவே கூடிவிடும்.

புளியந்தீவு மரபின் மூலவர் அம்மம்மா. அவர் கொள்கைப்படி காற்றுகளில் கச்சான் கருக்கும், சோளகம் புழுதி கொண்டுவரும், வாடையோ நேரே பிள்ளையின் உச்சிக்குள் இறங்கும். அதன் விளைவு தடிமன். அதற்கப்பால் உள்ளதெல்லாம் மாந்தம். லீவுக்கு வந்திருந்த நோர்வே மருமகன் கைத்தொலைபேசியைக் காட்டி, "இருவத்தஞ்சு டிகிரி மாமி, இதுவா குளிர்?" என்று வாதிட்டார். மருமகனோடு நேருக்கு நேர் தர்க்கிப்பது முறையன்று என்பதால் அம்மம்மா மறுமொழியை மடியில் கிடந்த பேரனிடம் சொன்னார்: "கேட்டியா ராசா, உங்கப்பாக்கு நோர்வேக் குளிரு பழகிட்டாம். உனக்கு நம்மட வாடக்காத்த ஆரு பழக்கின?" குழந்தை எச்சிலால் குமிழி விட்டது. இரு மரபினரும் அதைத் தமக்குச் சாதகமாகவே பொருள்கொண்டனர்.

1978 நவம்பர் 23 சூறாவளியையோ, நாவலடியையும் கல்லடியையும் வாரிப்போன 2004 டிசம்பர் 26 சுனாமியையோ அம்மம்மா வாதத்துக்கு எடுக்கவில்லை. "மார்கழிக் கடல நம்பேலா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். இவ்விடத்தில் ஒஸ்லோ மரபும் வாயை மூடிக்கொண்டது.

பிறகு பிள்ளையை வெளிக்கிடுத்தினார்கள். உள்ளங்கையில் ஓடிக்கொலோன் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து, உச்சியிலும் உள்ளங்காலிலும் தடவினார் அம்மம்மா. கன்னத்தில் கரிப்பொட்டு. மணிக்கட்டில் வசம்பு கோத்த நூல். கடைசியாக அலுமாரியிலிருந்து, காதுவரை இழுத்துக் கட்டும் கம்பளித் தொப்பி. அதே கணத்தில் மருமகன் தன் பயணப்பையிலிருந்து எடுத்ததும் கம்பளித் தொப்பியே. நோர்வேயில் பிள்ளைக்கு உடம்போடு ஒட்டிப் போடும் முதல் உடுப்பே கம்பளிதானாம். ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு இது: மெய்யாகவே உறையும் நாடும், நள்ளிரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்கத் தயங்கும் ஊரும் ஒரே தொப்பியில் வந்து முடிகின்றன. பிணக்கு தொப்பியில் இல்லை, வாசற்படியில். தொப்பி போட்ட பிள்ளையை வெளியே கொண்டுபோகலாம் என்கிறது ஒன்று. தொப்பி போட்டு உள்ளேயே வைத்திரு என்கிறது மற்றது. வேர்த்துக் கொட்டிய பிள்ளையின் கட்சி எது என்று இருவருமே கேட்கவில்லை.

சமரசம் வேன் வடிவில் வந்தது. சுடுதண்ணிப் போத்தல், பால்மா, துவாய்கள், மடித்த ஏணைச்சேலை, குடைகள், இரண்டு சித்திமார். ஒஸ்லோவிலிருந்து கட்டுநாயக்கா வரை வந்த சாமானை விட இது அதிகம். ஆளுநர் மானிங்கின் மனைவி பெயர் தாங்கிய பழைய பாலத்தைப் பக்கத்தில் பார்த்தபடி, 2013இல் திறந்த புதுப் பாலத்தால் வேன் போனது. கடற்கரையில் கண்ணாடியை ஏற்றிவிட்டே பிள்ளைக்குக் கடல் காட்டப்பட்டது. பிள்ளை பார்த்தது மழை துடைக்கும் வைப்பரை.

இதுவரை எந்த மரபிலும் சேராதிருந்தவர் பிள்ளையின் தாய். மாரியில் துணி நப்பி காயாது. கொடியில் மூன்று நாள் தொங்கியும் ஈரம் போகாமல், தணலில் சாம்பிராணி போட்டு அதன்மேல் பிடித்துப் புகைகாட்டி எடுத்துக்கொண்டிருந்தார். பம்பர்ஸ் கட்டினால் சூடு என்று வீட்டில் அதற்குத் தடை. வெளியே போகும்போது மட்டும் அம்மம்மா விலக்களித்திருந்தார். கல்லடியால் திரும்பிய அன்றிரவே தாய் தம் முடிவை அறிவித்தார்: பிள்ளைக்குக் கடற்காற்று மிக நல்லது, நாளைக்கும் போகவேண்டும், நாளையின்றைக்கும் போகவேண்டும்.