அலுமினியச் சிறுபடகின் வடிதுளைத் தக்கை: அகம், புறம், மறதி ஆகியவற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வண்டியின் எண் தகட்டிலேயே ‘10,000 ஏரிகள்’ என்று பொறித்திருப்பார்கள். அந்த ஏரிகளுக்குத் தூண்டில் போடப் போகும் 14 அடி அலுமினியப் படகைப் பற்றிப் பேச ஆள் உண்டு. அதன் மோட்டாரைப் பற்றிப் பேசவும் ஆள் உண்டு. பின்பலகையின் அடியில் 1 அங்குலத் துளையை அடைத்துக்கொண்டு கிடக்கும் ரப்பர் தக்கையைப் பற்றிப் பேசுவாரில்லை. அக்குறை இங்கே களையப்படுகிறது.

2. கருதுகோள்

படகில் துளை இருக்க வேண்டும், இருக்கவும் கூடாது. மழைநீரும் மீன் கழுவிய நீரும் கரையில் வடியத் துளை வேண்டும். அதே துளை ஏரியில் எமன். நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. கீழே அது திறந்திருந்தால், டாரிசெல்லியின் விதிப்படி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 லிட்டர் உள்ளே வரும். மூன்று நான்கு குடம் எனக் கொள்க.

3. தக்கை இலக்கணம்

தக்கையின் தலையிலுள்ள நெம்பை மடக்கினால் ரப்பர் குறுகிப் பக்கவாட்டில் பருத்து, துளையின் சுவரைக் கவ்வும். நெம்பு லேசாக மடங்கினால் பிடிப்புப் போதாது. ரப்பரைக் கொஞ்சம் திருகி இறுக்கிவிட்டு மறுபடி மடக்க வேண்டும். கட்டைவிரல் சிவந்தால் பொருத்தம் சரி. துளைக்குள் செருகும் குழாயோ பெரும்பாலும் பித்தளை. பித்தளையும் அலுமினியமும் ஒத்துப்போகாத சம்பந்திகள். உப்புநீர் நடுவே வந்துவிட்டால் அலுமினியம்தான் அரிபடும். இடையில் சீலன்ட் பூசி இருவரையும் விலக்கி வைப்பது மரபு.

4. அகத்தாரும் புறத்தாரும்

தக்கையைப் படகின் உள்ளிருந்து செருகுவோர் அகத்தார். வெளியிலிருந்து செருகுவோர் புறத்தார். மறந்துபோய் ஏரியில் இறக்கிவிட்டாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை விட்டு அடைத்துவிடலாம் என்பது அகத்தார் வாதம். கரையில் நிற்கும்போதே கண்ணில் படும், காலில் இடறிக் கழன்றுகொள்ளாது என்பது புறத்தார் வாதம். முன்னவர் மறந்த பின் செய்ய வேண்டியதைச் சொல்கிறார். பின்னவர் மறவாதிருக்க வழி சொல்கிறார். இருவருக்கும் பாடுபொருள் மறதியே.

5. மறதியின் தோற்றுவாய்

மறதி படகுக்காரரின் குற்றம் என்பது பழைய கொள்கை. அது ஏற்கத்தக்கதன்று. 1988இல் அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் ஸீப்ரா சிப்பி என்னும் அயல் ஆக்கிரமிப்பு உயிரினம் கண்டறியப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அதன் இளம் உயிரிகள், படகில் தேங்கிய நீரில் ஏறி ஏரி விட்டு ஏரி போகும். ஆகவே தக்கையைக் கழற்றிய பிறகே படகைச் சாலையில் இழுத்துச் செல்ல வேண்டும் என்கிறது மினசோட்டாச் சட்டம். சாலையில் தக்கை இருந்தால் அபராதம். ஏரியில் இல்லாவிட்டால் ஜலசமாதி. கழற்றாதவரைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. மாட்ட மறந்தவருக்கு ஏரிதான் நீதிமன்றம். எனவே மறதிக்கு மூலகாரணம் சிப்பியே.

6. முடிவுகள்

அ. கழற்றிய தக்கையை மோட்டார் சாவியோடு கோத்து வைக்க வேண்டும்.

ஆ. மாற்றுத் தக்கை ஒன்று எப்போதும் படகிலேயே இருக்க வேண்டும்.

இ. அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது தனி ஆய்வுக்குரியது.