தோல்வழிப் போஷாக்கு விசாரம்

மனிதன் உண்ணுதற்குரிய வழி வாயொன்றேயென்று நம்பி, அந்நம்பிக்கையிலேயே மூன்று வேளையும் உண்டு, நம் முன்னோர் காலத்தைக் கழித்துவிட்டார்கள். ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள தோலைப் போர்த்துக்கொண்டிருக்கையில், இரண்டங்குல அகலமுள்ள வாயை மட்டும் நம்பி ஜீவிப்பது சிக்கனமா, அவிவேகமா என்னும் வினா, சென்ற ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை மாலையில், என் பேத்தியின் மேசைமேல் கிடந்த களிம்புக் குழாயொன்றின் மேல் ‘வைட்டமின் சி – தினசரி போஷாக்கு’ என்றிருந்ததை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்த கணத்தில் எனக்கு உதித்தது.

இவ்விசாரணைக்கு அந்தரங்கமான காரணமும் ஒன்றுண்டு. வைத்தியர் எனக்கு வைட்டமின் ஈ அடங்கிய பச்சைக் குளிகைகளை, நாளொன்றுக்கு ஒன்று வீதம், எழுதிக் கொடுத்திருந்தார். 1922-இல் கலிபோர்னியாவில் ஈவான்ஸ், பிஷப் என்னும் இருவர், எலிகளுக்குக் கரு தங்குவதற்கு இன்றியமையாதது எனக் கண்டறிந்த அப்பொருளுக்கு, மகப்பேற்றைத் தாங்குவது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு பிற்பாடு டோகோஃபெரால் என்று நாமகரணம் செய்தார்கள். எழுபத்திரண்டு வயதில் அதை விழுங்குவதற்கு எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது; தொண்டையில் பாதி வழியில் நின்றுகொண்டு, மேலும் போகாமல் கீழும் போகாமல் அது செய்யும் சத்தியாக்கிரகம் வேறு. ஆகையால் புட்டியை அலமாரியில் வைத்ததோடு சரி, பிறகு தொடவில்லை. ஆயினும் உள்ளிருந்த குளிகைகள் ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தன. வாரந்தோறும் எண்ணிப் பார்க்கும் என் மனைவி, “பரவாயில்லையே, இந்தத் தடவை சொன்ன பேச்சைக் கேட்கிறீங்க” என்று மகிழ்ந்தாள். அவை குறைந்த மர்மம் இவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பானதாகையால், நான் அதில் தலையிடவில்லை.

தோலும் உண்ணும் என்பாருடைய பூர்வபட்சம் எளிதில் தள்ளத்தக்கதன்று. புகையை விட முயல்வோர் புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பட்டையும், மார்வலிக்காரர் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் நைட்ரோகிளிசரின் பட்டையும் தோலின் வழியாகவே இரத்தத்தைச் சேருகின்றன. வெயில் பட்ட தோல் வைட்டமின் டி-யை உண்டாக்குகிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இவற்றுக்குச் சமாதானம் யாதெனில், முதலிரண்டும் கொழுப்போடு உறவாடும் சின்னஞ்சிறு மூலக்கூறுகள். அவற்றில் அணுவளவு உள்ளே போனாலே காரியம் ஆகிவிடும். மூன்றாவதில், வெயில் அடுப்பை மூட்டிக் கொடுக்கிறதேயொழிய, வெளியிலிருந்து எவரும் பரிமாறுவதில்லை; அங்கே தோல் அடுக்களையே தவிர வாயாகாது. வைட்டமின் சி-யோ நீரில் கரைவது. தோலின் வெளியடுக்கோ, மாண்ட அணுக்களைச் செங்கல்லாகவும் கொழுப்பைச் சாந்தாகவும் வைத்துக் கட்டிய மதில். கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாவிட்டாலும், அது இல்லாதிருந்தால், குளத்தில் ஒரு முழுக்குப் போட்டு எழுந்த ஒவ்வொருவரும் ஊறவைத்த பயறாகவே கரையேறியிருப்பர். நம்மவர் சனிக்கிழமைதோறும் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறியும், அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்து அன்று மத்தியானம் ஒரு கவளம் குறைத்துக்கொண்டவர் எவரையும் நான் கண்டதில்லை. எண்ணெய்க் குளியலன்று பசி இரட்டிப்பாவதே அனுபவம்.

இனி, மூலபுருஷர்கள். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒரு ஜோடிக்குக் கடல்நீர், ஒரு ஜோடிக்குக் காடி, ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் என்று கொடுத்துப் பார்த்தார். பழம் தின்ற இருவரே விரைவில் தேறினார்கள். அவர் பழத்தைத் தின்னக் கொடுத்தாரேயன்றிக் கன்னத்தில் தேய்க்கச் சொன்னாரில்லை. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வரலாற்றிலும், அவர் அதை அரைத்து முகத்தில் பூசிக்கொண்டதாக ஐதிகம் இல்லை. வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்த ஹங்கேரிய விஞ்ஞானி சென்ட்-ஜியார்ஜி, 1928-இல் தம் கட்டுரையில், இன்னதென்று விளங்காத அதற்கு முதலில் ‘இக்னோஸ்’, அதாவது அறியேன், என்றும், பத்திரிகாசிரியர் அதை ஏற்க மறுக்கவே, ‘காட்நோஸ்’, அதாவது கடவுளுக்கே வெளிச்சம், என்றும் பெயர் சூட்ட முனைந்தார். களிம்புக் குழாய்களின் மேல் அவ்விரண்டாவது பெயரையே அச்சிட்டிருக்கலாமென்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

குழாயின் முதுகில் எறும்புச் சாரைபோல் ஓடிய சேர்மானப் பட்டியலைப் பூதக்கண்ணாடி கொண்டு வாசித்தேன். முதலில் நீர், அடுத்துக் கிளிசரின், பின்னர் வாயில் நுழையாத மெழுகுகளும் எண்ணெய்களும், கடைசியில், வாசனைத் திரவியத்துக்கு அடுத்த வீட்டில், நம் கதாநாயகனாகிய வைட்டமின். அது நூற்றுக்கு ஒரு பங்கு என்றே தாராளமாகக் கொள்வோம். விரல்நுனியளவு களிம்பு அரை கிராம். அதில் வைட்டமின் ஐந்து மில்லிகிராம். வயது வந்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் வேண்டுமென்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. ஆக, பூசியதெல்லாம் உள்ளே போகிறதென்று வைத்துக்கொண்டாலும், தினம் பதினாறு விரல்நுனி. ஒரு விரல்நுனி இரண்டு உள்ளங்கையளவு பரப்புக்குக் காணும். உள்ளங்கை, விரல்கள் உட்பட, உடம்பில் நூற்றில் ஒரு பங்கு. எனவே உடம்பில் 32 சதவீதத்தை மெழுகவேண்டும். தீக்காய வைத்தியரின் ஒன்பதின் வாய்ப்பாட்டின்படி தலையும் இரு கைகளும் சேர்ந்தே 27-தான் ஆகின்றன. மீதிக்கு வயிற்றின்மேல் பாதியைச் சேர்த்தாக வேண்டும். 30 கிராம் குழாய் நான்காம் நாள் மாலைக்குள் சப்பையாகிவிடும். கொய்யாப்பழம் ஒன்றில் இவ்வளவும் இருக்கிறதென்று பழக்காரி கூடையை இறக்கும்போதே தெரிந்துகொள்ளலாம். ஆயினும் ஆராய்ச்சி என்று இறங்கியபின் சுலப வழியை நாடலாகாது.

ஆகவே இருபத்தெட்டு நாள் பரிசோதனை வகுத்தேன்; மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகுமென்பது இதற்குப் பிரமாணம். இடக்கைக்கு மட்டும் களிம்பு, வலக்கை சாட்சி. முதல் வாரத்தில் இடக்கை ஆரஞ்சு மிட்டாய்போல் மணத்தது. எறும்பொன்று முழங்கைவரை வந்து ஏமாந்து திரும்பியது. மூன்றாம் வாரத்தில் குழாயின் வாயில் காய்ந்திருந்த களிம்பு பழுப்பேறிற்று; காற்றுப் பட்டால் வைட்டமின் சி கெட்டுப் பழுப்பேறும் என்று படித்திருந்தேனாகையால், அது தன் ஜீவனை என்னிடம் ஒப்படையாமல் வெளியிலேயே நீத்ததென்று ஊகித்தேன். இருபத்தெட்டாம் நாள் இரு கைகளையும் நீட்டி மனைவியிடம் தீர்ப்புக் கேட்டேன். தடவிப் பார்த்து, “இது கொஞ்சம் மெத்துன்னு இருக்கு” என்றாள். அது இடக்கைதான். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அவள் தன் வெடித்த குதிகாலைக் காட்டினாள். அதுவும் அவ்வாறே மெத்தென்றிருந்தது. அதற்கு அவள் பூசியிருந்தது, பெட்டிக்கடையில் வாங்கிய வெறும் கிளிசரின். வைட்டமின் உற்சவமூர்த்தியாய் மேலே அமர்ந்து மாலை மரியாதை பெற, தோளில் தண்டு பதியச் சுமந்து வந்தது ஸ்ரீபாதந்தாங்கியாகிய கிளிசரினே என்று தெளிந்தேன்.

குழாயை உரியவளிடம் திருப்பிக் கொடுக்க மறுநாள் மாலை பேத்தியின் அறைக்குச் சென்றேன். அவள் கண்ணாடிமுன் நின்று, பச்சைக் குளிகையொன்றை ஊக்கால் குத்தி, வழிந்த எண்ணெயைக் கன்னத்தில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் புட்டி மூடி திறந்தபடி மேசைமேல் இருந்தது.

“அது நான் முழுங்க வேண்டிய மாத்திரையம்மா” என்றேன்.

“இதைப் போய் யாராவது முழுங்குவாங்களா தாத்தா?” என்றாள்.