புள்ளிராஜாவுக்கு இன்னொரு கேள்வி

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத் தட்டிகள் நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தன: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? கோவை சிரித்தது. திருப்பூர் சிரித்தது. நாமக்கல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தது. கேட்டவர்கள் கொஞ்ச நாளில் தட்டியை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

புள்ளிராஜா போகவில்லை; எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார். 2004 ஏப்ரலில் நாட்டின் எட்டு மையங்களில் எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாகத் தருவது தொடங்கியது. தாம்பரம் அதில் ஒன்று. இன்று அதற்காகத் தாம்பரம் வரை ரயிலேற வேண்டியதில்லை. கோவை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. புள்ளிராஜா மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிவிட்டது. அந்த நிலையில் உடலுறவு வழியாக அவரிடமிருந்து எச்.ஐ.வி. பரவாது. இது அறிவியலின் வெற்றி. கேலி செய்ய ஒன்றுமில்லை.

கேலிக்கூத்து அதற்குப் பிறகு தொடங்குகிறது. மாத்திரை எச்.ஐ.வி.யை மட்டுமே அடக்கும், சிபிலிஸ் என்ற மேகநோயின் கிருமிக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்பதை அவருக்குப் புரியும்படி யார் சொன்னார்கள்? மாத்திரையை எண்ணிக் கொடுத்தார்கள். சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணிச் சொன்னார்கள். மீதி வாழ்க்கையைப் பற்றிக் கேட்க எல்லோருக்கும் கூச்சம்.

எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கு சிபிலிஸ் வரக் காரணங்கள் எவை என்று மருத்துவ ஆய்வுகள் பட்டியல் போடுகின்றன. ஆணுறை இல்லாத உறவு. ஒன்றுக்கு மேற்பட்ட இணையர். ஆணோடு ஆண் உறவு. குடி, போதை. ஏற்கெனவே ஒருமுறை வந்துபோன பால்வினை நோய். பட்டியல் சரிதான். ஆனால் எல்லாப் பழியும் நோயாளியின் இடுப்புக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. டாக்டர் காரணி இல்லை. மாமனார் காரணி இல்லை. ஊர்ப் பெரிய மனிதர் காரணியே இல்லை. பாவம், பட்டியல் போட்டவர்கள் கொங்கு நாட்டுப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. விடுபட்டதை நாம் நிரப்புவோம்.

முதல் காரணி, மானம். 2005-ல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைப் பேட்டியில், திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் பால்வினை நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவ்வளவுதான், தமிழ்க் கலாச்சாரம் துடைப்பத்தோடு தெருவுக்கு வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். 2010-ல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தது. நோயிலிருந்து காத்துக்கொள் என்று சொன்னவர் ஐந்து ஆண்டுகள் கோர்ட் படியேறினார். நோய் ஒரு வாய்தாவுக்குக்கூட வரவில்லை.

நம் பக்கத்துக் கதை இன்னும் விசேஷம். 2015 ஜனவரியில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. ஒரு கற்பனைக் கதை ஊரின் கற்பைக் கெடுத்துவிட்டதாம். அதே ஊரின் போர்வெல் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. ஆண்கள் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. அந்த ஆண்களின் உடம்புக்காகவோ, அவர்கள் திரும்பி வரக் காத்திருக்கும் பெண்களின் உடம்புக்காகவோ ஒரு பெட்டிக்கடையின் ஷட்டராவது இறங்கியிருக்கிறதா? புத்தகத்தால் போகிற மானம் புண்ணால் போவதில்லை. புண்ணை வேட்டி மறைத்துவிடும் அல்லவா!

அடுத்தது கல்யாணம். ஆணை விரும்பும் ஆணுக்கு நம் ஊர் ஒரே ஒரு வைத்தியம் வைத்திருக்கிறது: "ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாஞ் சரியாப் போயிருமுங்க." 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவின் முள்ளைப் பிடுங்கியது. மண்டபத்துக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை. குலக் கூட்டம் பார்க்கிறார்கள், ஜாதகம் பார்க்கிறார்கள், தோட்டத்தில் எத்தனை ஏக்கர் என்று பார்க்கிறார்கள், எத்தனை பவுன் என்று பார்க்கிறார்கள். பையனுக்கு இஷ்டமா என்று மட்டும் பார்ப்பதில்லை. அவன் பகலில் மாப்பிள்ளை, இரவில் செல்போன் செயலியில் பெயரில்லாதவன். பெயரைச் சொல்ல முடியாதவன் டாக்டரிடம் எதைச் சொல்வான்? அவனிடம் இருக்கிற கிருமி, விஷயமே தெரியாத ஒருத்திக்குச் சீதனமாகப் போகிறது.

மூன்றாவது, அந்தஸ்து. ஒரு காலத்தில் எச்.ஐ.வி. என்றாலே நாமக்கல், நாமக்கல் என்றாலே லாரி டிரைவர் என்று எழுதினோம். டிரைவரைப் பிடித்து நிறுத்தி ஆணுறை கொடுத்தோம், அறிவுரை கொடுத்தோம், போட்டோ எடுத்தோம். லாரியின் முதலாளியை யாரும் நிறுத்தவில்லை. 'பிசினஸ் டூர்' போய் வந்த அவருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வந்தால் அது 'ஸ்கின் அலர்ஜி'. அது சிபிலிஸின் இரண்டாம் கட்டமாக இருக்கலாம் என்று அவரிடம் சொல்லும் துணிச்சல் எத்தனை பேருக்கு உண்டு? ஏழைக்கு வந்தால் ஒழுக்கக்கேடு. பணக்காரனுக்கு வந்தால் ஒவ்வாமை.

நான்காவது காரணிக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1868-ல் வெள்ளைக்காரன் ஒரு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தான். தன் சிப்பாய்களுக்கு மேகநோய் வராமலிருக்க, பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, பூட்டிய ஆஸ்பத்திரிகளில் அடைத்தான். சிப்பாய்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. சட்டம் 1888-ல் செத்தது. புத்தி சாகவில்லை. இன்றும் கர்ப்பிணி வந்தால் எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் ரத்தம் எடுக்கிறோம். நல்ல காரியம், குழந்தையைக் காப்பாற்றும். ஆனால் வாசலில் பைக் மீது உட்கார்ந்திருக்கும் கணவனின் கையில் ஊசி ஏறுவது அவளுக்கு நோய் தெரிந்த பிறகு, அதுவும் அவன் மனம் வைத்தால். அதற்குள் மாமியார் தீர்ப்பு எழுதிவிடுவார்: "இவ எங்கிருந்து கொண்டாந்தாளோ!"

ஐந்தாவது, பயந்த டாக்டர். சிபிலிஸை பென்சிலின் குணமாக்கும் என்பது 1943-லேயே தெரிந்துவிட்டது. ஆரம்ப நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின், ஒரே ஒரு வேளை. நாள்பட்டுப் போனால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று வேளை. ஊசி மருந்தின் விலை ஒரு மட்டன் பிரியாணிக்குள் அடங்கும். லாபமில்லாத மருந்து என்பதாலேயே உலகம் முழுக்க அடிக்கடி தட்டுப்பாடு. கிடைத்தாலும், அபூர்வமாக வரும் ஒவ்வாமைக்குப் பயந்து ஊசி போடத் தயங்கும் டாக்டர்கள் உண்டு. இத்தனை ஆண்டுகளில் சிபிலிஸ் கிருமிக்கே பென்சிலினை எதிர்க்கத் தெரியவில்லை. நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆறாவது காரணி லாட்ஜில் தங்கியிருக்கிறார். 'இளமையில் செய்த தவறுகளுக்கு' நிவாரணம் தருபவர். இன்ன தேதி கோவை, இன்ன தேதி ஈரோடு என்று விளம்பரம் கொடுத்துவிட்டு வருபவர். அவர் தோற்றதே இல்லை. காரணம் இருக்கிறது. சிபிலிஸின் முதல் புண் வலிக்காது. சில வாரங்களில் எந்த மருந்தும் இல்லாமல் தானாக ஆறிவிடும். கிருமி மட்டும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். புண் ஆறியதும் லேகியத்துக்குப் பெயர், வைத்தியருக்குப் பணம், கிருமிக்கு இடம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது மூளையையும் கண்ணையும் காதையும் தாக்கும் ஆபத்து அதிகம். பார்வை மங்கும் நாளில் வைத்தியர் வேறு ஊர் லாட்ஜில் இருப்பார். விளம்பரம் போட்ட பத்திரிகை தலையங்கத்தில் பண்பாடு பேசிக்கொண்டிருக்கும்.

கடைசிக் காரணி, உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1. அன்று எல்லா மாவட்டத் தலைநகரிலும் மனிதச் சங்கிலி, உறுதிமொழி, தொப்பி, டி-ஷர்ட், சிவப்பு ரிப்பன் ரங்கோலி. வெயிலில் நிற்பது நர்சிங் மாணவிகள். நிழலில் நிற்பது சிறப்பு விருந்தினர். 'ஆணுறை' என்ற வார்த்தையை வாயால் சொல்லாமலே எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பேருரை ஆற்றும் வித்தை நம் நாட்டில்தான் உண்டு. 2009-ல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பிள்ளைகள் படிப்பை நிறுத்தவில்லை. வாத்தியார்தான் மாறினார்: செல்போன்.

நோயாளியை முழுக்க விடுவிக்க இதை எழுதவில்லை. ஆணுறை போடாதவர் போடாதவர்தான். ஆனால் அவரைக் கூண்டில் நிறுத்துமுன், கூண்டைச் சுற்றி நிற்கும் நாம் யார் என்று பார்த்துக்கொள்வது நல்லது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கு நாட்டிலேயே முதலில் மாநிலச் சங்கம் அமைத்தது தமிழ்நாடு, 1994-ல். ஊசி போடும் நர்ஸும் ஆலோசகரும் மருந்தாளுநரும் தங்கள் வேலையைச் செய்துதான் எச்.ஐ.வி. இவ்வளவு குறைந்தது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு, 1943-லேயே மருந்து கிடைத்த நோய்க்கு 21-ஆம் நூற்றாண்டில் ஒருவர் கண் பார்வை போனால் அது நோயாளியின் தோல்வி அல்ல.

ஆகவே, ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இருப்பவர்கள் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்: "எனக்கு சிபிலிஸ் டெஸ்ட் எடுங்க." ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுங்கள், இணையர் ஒருவருக்கு மேல் என்றால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒருமுறை குணமானவருக்கு மறுபடியும் வரலாம், ஆகவே இணையருக்கும் சிகிச்சை வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருக்கிறது. வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்தால், 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் உங்கள் சம்மதமின்றி உங்கள் நிலையை வெளியிடுவதைத் தடை செய்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-க்கு அழையுங்கள்; காசு இல்லை. யாராவது முறைத்தால் திருப்பி முறையுங்கள். வெட்கப்பட வேண்டியவர்களின் வரிசையில் உங்களுக்கு முன்னால் பெரிய கூட்டமே நிற்கிறது.