கல்லா கட்டாத ஓட்டம்

சி.சி. பைலுக்கு ஓடத் தெரியாது. ஓடுகிறவர்களை வைத்துக் காசு பார்க்கத் தெரியும். அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ரெட் கிரேஞ்ச், டென்னிஸ் ராணி சுசான் லெங்லென் என்று பெரிய தலைகளை ஊர் ஊராகக் கூட்டிப்போய் டிக்கெட் விற்ற மனிதர். 1928-இல் அவருக்கு அடுத்த யோசனை உதித்தது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வரைக்கும், அதாவது 3,423 மைல், ஆட்களை ஓடவிட்டால் என்ன?

முதல் பரிசு 25,000 டாலர். நுழைவுக் கட்டணம் 25 டாலர். அதோடு ஊர் திரும்பும் ரயில் செலவுக்கென்று 100 டாலர் முன்பணம். வருகிறவன் பாதி வழியில் படுத்துவிடுவான் என்பதில் பைலுக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கை மட்டும்தான் கடைசிவரை பொய்க்கவில்லை: மார்ச் 4-ஆம் தேதி புறப்பட்டவர்கள் 199 பேர், போய்ச் சேர்ந்தவர்கள் 55 பேர்.

தினமும் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். நேரத்தையெல்லாம் கூட்டி, குறைவாக எடுத்துக்கொண்டவருக்குப் பரிசு. பைல், குளியலறை வசதி வரைக்கும் இருந்த சொகுசுப் பேருந்தில் வந்தார். ஓட்டக்காரர்களுக்குக் கூடாரம், சாப்பாட்டைப் பற்றி அவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. பத்திரிகைக்காரர்கள் பெருவிரல் மூட்டு புடைத்துக்கொள்ளும் வியாதியின் பெயரையே பந்தயத்துக்குச் சூட்டிவிட்டார்கள்.

கூடவே ஒரு வேடிக்கைக் கண்காட்சியும் போனது. அதில் எல்மர் மெக்கர்டி என்ற கொள்ளைக்காரரின் பதப்படுத்தப்பட்ட பிணம். பணப்பெட்டி வரும் ரயில் என்று நினைத்து வேறு ரயிலை மறித்து, சில்லறையோடு திரும்பி, 1911-இல் ஓக்லஹோமாவில் சுடப்பட்டுச் செத்தவர். அந்த ஊர்வலத்தில் கால் வலிக்கிறது என்று முனகாத ஒரே ஆள் அவர்தான்.

இனி ஓடியவர்கள். ஃபின்லாந்தின் வில்லி கோலெமைனென், 1912 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய ஹன்னஸின் அண்ணன். குடும்ப கௌரவமோ என்னவோ, எடுத்த எடுப்பிலேயே எல்லோரையும் பின்னால் விட்டுப் பறந்தார். மூவாயிரத்துச் சொச்சம் மைல் மிச்சமிருப்பதை யாரும் அவர் காதில் போடவில்லை போலும். முதல் சில நாட்களிலேயே கால் மடங்கி, மூட்டை கட்டினார்.

அடுத்தவர் ஆர்தர் நியூட்டன், வயது 44. தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடு ஓட்டத்தை ஐந்து முறை வென்றவர். நிதானமாக ஓடுங்கள், நெடுந்தூரத்தில் அவசரம் ஆகாது என்று உலகத்துக்கே பாடம் எடுத்த வாத்தியார். சொன்னபடியே ஓடினார், பல மணி நேர வித்தியாசத்தில் முன்னணியிலும் இருந்தார். அரிசோனாவில் குதிகால் தசைநார் அவருடைய பாடத்தைக் கேட்க மறுத்துவிட்டது. பைல் அவரை விடவில்லை, ஆலோசகராக வைத்துக்கொண்டார். ஓட முடியாதவர் ஓடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்வது எல்லாத் துறையிலும் உள்ளதுதான்.

அப்புறம் பீட்டர் கவுட்சி, கப்பலில் பரிமாறுகிற வேலை பார்த்த இங்கிலாந்து இளைஞர். இவருக்குக் காலில் ஒரு குறையும் இல்லை. பல் கெட்டுப்போனது. மெல்ல முடியாமல் நீராகாரத்தை மட்டும் குடித்துக்கொண்டு, அப்படியும் முதலிடத்திலேயே ஓடினார். பாதி அமெரிக்காவுக்கு மேல் தாண்டி, ஒஹாயோவில் விழுந்தார். ஒரு பல்லை நேரத்தோடு பிடுங்கியிருந்தால் 25,000 டாலர்! இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு நாக்கு தானாகக் கடைவாயைத் தடவிப் பார்க்கிறது.

இப்படி முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிஞ்சியவர் ஆண்டி பேய்ன். ஓக்லஹோமாவைச் சேர்ந்த செரோக்கி இனத்துப் பையன், வயது 20. வீட்டு நிலம் அடமானத்தில் கிடந்தது. அரிசோனாவில் டான்சில் வீங்கிக் காய்ச்சலோடு ஊர்ந்தவர், கடனை நினைத்துக்கொண்டு நிற்காமல் போயிருக்க வேண்டும். 573 மணி 4 நிமிடத்தில் முடித்தார். கணக்குப் போட்டால் மணிக்கு 6 மைலுக்கும் சற்றுக் குறைவு. நம் ஊர்ப் பூங்காவில் காலையில் தொப்பை குறைக்க ஓடுகிறவர்களே ஒரு சுற்றுக்கு இந்த வேகம் காட்டுவார்கள். 84 நாள் காட்டச் சொன்னால்தான் சிக்கல்.

உண்மையில் பணக் கணக்கில் எல்லோரையும் விடப் பெரிதாகச் சறுக்கியவர் பைல். புதிதாகப் போட்ட 66-ஆம் நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களெல்லாம் பந்தயம் தங்குவதற்குப் பணம் தரும் என்று கனவு கண்டிருந்தார். பல ஊர்கள் கையை விரித்தன. நெடுஞ்சாலைச் சங்கம் தருவதாகச் சொன்ன தொகையும் முழுசாக வந்து சேரவில்லை. ஒரு நாள் கூடினால் ஒரு நாள் சோற்றுச் செலவு. ஆகவே கடைசிக் கட்டத்தில் தினசரித் தூரத்தை நீட்டினார். ஒரே நாளில் 70 மைலுக்கு மேல்கூட விரட்டினார். மே 26-ஆம் தேதி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்குள் அவர்கள் நொண்டி நுழைந்தபோது, அரங்கில் காலி நாற்காலிகளே அதிகம். ஆனாலும் பேய்னுக்குப் பரிசு கிடைத்தது, நிலம் மீண்டது. பின்னாளில் அவர் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றத்தின் எழுத்தராகத் தேர்தலில் நின்று ஜெயித்து, பல பத்தாண்டுகள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உழைத்த கால்களுக்கு நியாயமான ஓய்வு.

கையைச் சுட்டுக்கொண்ட பைல், 1929-இல் மறுபடியும் நடத்தினார். இம்முறை நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு. கவுட்சி மறுபடியும் வந்தார். முந்தைய வருடம் இரண்டாவதாக வந்த ஜானி சாலோவும் வந்தார். 3,500 மைலுக்கு மேல் ஓடி, கடைசி நாளில் கவுட்சியின் முன்னிலையைச் சாலோ விழுங்கி ஜெயித்தார். வித்தியாசம் 2 நிமிடம் 47 விநாடி. கவுட்சி அதிகம் வருந்தியிருக்கத் தேவையில்லை. பைல் முதல் பரிசையும் கொடுக்கவில்லை.